ஊசி போடும் நாட்களில் ஆமையைப் பார்த்துக்கொள்வது எப்படி?

சிங்கப்பூரில் பல்லி, ஓணான் வகைகளை வீட்டில் வளர்க்க அனுமதி இல்லை. ஊர்வனவற்றில் நம் வீடுகளில் அதிகம் இருப்பது ரெட் இயர்டு ஸ்லைடர் ஆமைதான். ஈசூனில் எங்கள் வீட்டு ஆமைக்குக் குண்டு என்று பெயர். ஒருநாள் அது சாப்பிடாமல், தண்ணீரில் வலப்பக்கம் சாய்ந்தபடியே மிதந்தது. மூக்கோரம் சின்னச் சின்னக் குமிழிகள். நுரையீரலில் தொற்று என்றார் மருத்துவர். ஒரு பக்க நுரையீரலில் சளி கட்டினால் அந்தப் பக்கம் கனத்து இறங்கிவிடுமாம். மூன்று நாளுக்கு ஒருமுறை ஆன்டிபயாடிக் ஊசி, அதை வீட்டிலேயே போடச் சொன்னார்.

1. முதல் வேலை சூடு. நம்மூர் வெக்கையே போதும் என்று விட்டுவிடாதீர்கள், ஏர்கான் அறையில் தொட்டி இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆமையின் உடம்பு தானாகச் சூடு உண்டாக்காது. குளிர்ந்து கிடந்தால் நோயை எதிர்க்கும் சக்தியும் குறையும், மருந்தும் சரியாக வேலை செய்யாது. தண்ணீர் 28 முதல் 30 டிகிரி, விளக்கடியில் ஏறி உட்காரும் இடம் 32 முதல் 35 டிகிரி. தெர்மாமீட்டர் வைத்தே பாருங்கள்.

2. தனி டப்பில், நின்றபடியே தலையைத் தூக்கி மூச்சுவிடும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். இங்கே குழாய்த் தண்ணீரில் கிருமிகளைக் கொல்லச் சேர்க்கும் குளோரமைன் என்ற ரசாயனம் இருக்கிறது, ஒரு இரவு பிடித்து வைத்தாலும் போகாது. மீன் கடையில் அதை நீக்கும் திரவம் கிடைக்கும். மருத்துவர் உலர்வாக வைக்கச் சொன்னால், தினமும் எவ்வளவு நேரம் தண்ணீரில் விடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் நீர் வற்றினால் சில மருந்துகள் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

3. இனி ஊசி. மருத்துவர் முன்னால் ஒருமுறை நீங்களே போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். எங்களுக்கு மருந்தைச் சிரிஞ்சுகளில் நிரப்பிக் கொடுத்து, ஃப்ரீசரில் வைக்கச் சொன்னார்கள். ஒன்றை மட்டும் எடுத்து உள்ளங்கையில் பொத்தி வைத்தால் இளகிவிடும். வெந்நீரில் போட வேண்டாம். அம்மா ஓட்டின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். குண்டு காலை உள்ளே இழுக்கும். இழுத்துப் போராடாமல் கொஞ்சம் காத்திருந்தால் தானாக நீட்டும், அப்போது மெல்லப் பிடிக்க வேண்டும். முன்னங்கால் சதையில்தான் போட வேண்டும், ஒருமுறை இடது, அடுத்தமுறை வலது. பின்னங்கால் ரத்தம் சிறுநீரகம் வழியாகப் போகக்கூடும் என்பதால் அங்கே வேண்டாம். ஊசி நாட்களை அம்மா தினசரி காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

4. சாப்பிடவில்லை என்று வாயைத் திறந்து திணிக்காதீர்கள். அதற்கென்று ஒரு சின்னத் தராசு வாங்கி, தினமும் காலையில் எடை போட்டு எழுதுங்கள். எடை இறங்கிக்கொண்டே போனாலோ, கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, உடனே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.

5. ஆமையிடம் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். டப்பைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். தொட்டதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

மூன்றாவது ஊசிக்கே குண்டு தீனியைக் கவ்வ ஆரம்பித்துவிட்டது. நிறுத்திவிடலாமா என்று கேட்டோம், கூடாது என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னார். நீங்களும் கடைசி ஊசி வரை போடுங்கள். அதன்பிறகும் சாய்வு முழுதாகப் போகச் சில வாரம் ஆகலாம். நேராக மிதந்து, அடிவரை முங்கி எழும்வரை ஆழமான தொட்டிக்கு மாற்றாதீர்கள்.