எலக்ட்ரானிக் இசை செய்ய எந்த வாத்தியம் கற்பது?

வாத்தியமே தெரியாமல், மவுஸை மட்டும் வைத்து முழு டிராக்கையும் அடுக்கிவிட முடியும். பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். சிக்கல் என்னவென்றால், மனதில் ஓடும் மெட்டு அவ்வளவு நேரம் காத்திருக்காது. கட்டம் கட்டமாகச் சுரங்களை வரைந்து முடிப்பதற்குள் பாதி மறந்துபோயிருக்கும். விரலோ குரலோ அதை உடனே பிடித்துக்கொண்டால் வேலை நிஜமாகவே நகரும்.

கடைக்குப் போவதற்கு முன், பாதியில் நின்றுபோன உங்கள் டிராக்குகளில் மூன்றைத் திறந்து கேளுங்கள். திரும்பத் திரும்ப ஓடும் நாலு பார் (தாளச் சுற்று) லூப்பைத் தாண்டி கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) எங்கும் நகரவில்லை என்றால் உங்களுக்குக் கீபோர்டு வேண்டும். தாளம் விறைப்பாக, மூச்சில்லாமல் இருந்தால் பேட் (விரலால் தட்டி வாசிக்கும் கட்டங்கள்). மெட்டு தட்டையாக ஒலித்தால், முதலில் பாடக் கற்பதே நல்லது. ஏற்கெனவே வீணையோ கிட்டாரோ மிருதங்கமோ கைவசம் இருந்தால் அதை விட்டுவிட வேண்டாம். அதை மைக்கில் பதிந்து, வெட்டி, சாம்பிளாக மாற்றலாம். கடையில் கிடைக்கும் சாம்பிள் தொகுப்பில் அந்தக் கை இருக்காது.

எதுவுமே தெரியாதவருக்குக் கீபோர்டுதான் சரியான முதல் வாத்தியம். மென்பொருளில் சுரங்களை எழுதும் திரையே பியானோக் கட்டைகளைப் படுக்க வைத்த மாதிரிதான் இருக்கிறது. கையில் கற்றது அப்படியே கண்ணுக்கும் பழகும். 25 கட்டை பையில் அடங்கும், ஆனால் இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) தான். இடது கையில் பேஸ், வலது கையில் கார்டு என்று பழக வேண்டுமானால் 49 கட்டையாவது தேவை. கட்டையின் அகலத்தில் சமரசம் செய்யாதீர்கள். குறுங்கட்டையில் பழகிய கை பெரிய கட்டைக்கு மாறும்போது ஆக்டேவ் தூரத்தை மறுபடி கற்க வேண்டிவரும். 88 கட்டை, கனமான சுத்தியல் அமைப்பு எல்லாம் பியானோவே வாசிக்க நினைப்பவருக்கு.

வாங்குமுன் ஒரு சோதனை. மடிக்கணினியைச் சொருகி, மிடி (கீபோர்டு கணினிக்கு அனுப்பும் சுரக் குறிப்பு) எண்களைக் காட்டும் செயலியைத் திறந்து, ஒரே கட்டையை மிக மெல்ல பத்து முறை அழுத்துங்கள். வெலாசிட்டி, அதாவது கட்டையை அழுத்தும் வேகம், 1 முதல் 127 வரை வரும். மெல்ல அழுத்தியும் 100க்கு மேலேயே நின்றால், அல்லது பக்கத்துக் கட்டை அதே அழுத்தத்துக்கு வேறு மாதிரி எகிறினால், அதை விட்டுவிடுங்கள்.

வீட்டில் பழைய கேசியோவோ யமஹாவோ தூங்கிக்கொண்டிருக்கிறதா? பின்னால் சதுர வடிவ யுஎஸ்பி துளை இருந்தால் பெரும்பாலும் அதுவே போதும். கீபோர்டின் சொந்த ஒலியும் கணினியின் ஒலியும் சேர்ந்து இரட்டையாகக் கேட்டால், அமைப்பில் லோக்கல் கண்ட்ரோலை அணையுங்கள். டச் ரெஸ்பான்ஸ் இல்லாத மாடல் என்றால் எவ்வளவு அழுத்தினாலும் ஒரே எண்தான் போகும். கார்டு கற்கலாம், உணர்ச்சியோடு வாசிக்க முடியாது. சுரத்தை நீட்டிக்கும் சஸ்டெய்ன் பெடல் தலைகீழாக வேலை செய்தால், பெரும்பாலும் பெடலை மிதித்தபடியே கீபோர்டை ஆன் செய்திருப்பீர்கள். அணைத்து, காலை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

முதல் மாதம் ஸ்கேல்களை ஓட்டிக்கொண்டிருக்காமல், நான்கு கார்டுகளை ஒட்டி ஒட்டி நகர்த்தப் பழகுங்கள். ஏ மைனரில் ஏ-சி-இ பிடியுங்கள். கடைசி விரலை மட்டும் ஒரு கட்டை மேலே தள்ளினால் ஏ-சி-எஃப். அது எஃப் மேஜர். சி-யை விடாமல் மற்ற இரண்டையும் ஒவ்வொரு வெள்ளைக் கட்டை இறக்கினால் ஜி-சி-இ. அது சி மேஜர். இப்போது ஜி-யைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் இறக்குங்கள்: ஜி-பி-டி, ஜி மேஜர். கை ஏறக்குறைய அசையவே இல்லை, நாலு கார்டு ஆகிவிட்டது. மெட்ரோனோம் 60, தினமும் 20 நிமிடம். டிரான்ஸ்போஸ் பொத்தானை இந்த மாதம் தொட வேண்டாம். கருப்புக் கட்டைக்கு விரல் பழகாமலே போய்விடும்.

கீபோர்டு கைவிடும் இடம் கமகம். மிடியில், சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் தான் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் அனுப்புகிறது. எத்தனை சுரம் வளைய வேண்டும் என்பதை ஒலியை உருவாக்கும் சிந்தசைசர்தான் தீர்மானிக்கும். பொதுவாக அது மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம். தோடியின் காந்தாரத்தை அசைக்க இது ஏறக்குறையப் போதும். ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஜாரு (வழுக்கிச் செல்லும் கமகம்) போட ஏழு அரைச்சுரம் வேண்டும். எல்லாவற்றுக்கும் 12 என்று வைத்தால் விரல் நுனி அசைந்தாலே சுருதி எகிறும். அசைவுக்கு ஒன்று, ஜாருவுக்கு ஒன்று என்று இரண்டு பிரீசெட் வைத்துக்கொள்வதே நடைமுறை. இன்னொரு தொல்லை, சக்கரம் ஒரு சேனல் முழுவதையும் வளைக்கும். கார்டு பிடித்திருந்தால் எல்லாச் சுரமும் சேர்ந்தே நழுவும். ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் தரும் எம்பிஇ கருவிகள் இதைத் தீர்க்கின்றன, விலைதான் அதிகம். கர்நாடக இசையைக் கீபோர்டில் வாசிக்கும் கீபோர்டு சத்யாவின் கச்சேரியைப் பார்த்தால், சாதாரணக் கீபோர்டிலேயே இடது கை எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரியும்.

கமகத்துக்கு மலிவான வழி குரல். கச்சேரிக்குப் பாட வேண்டியதில்லை, சுருதி நழுவாமல் பாடினால் போதும். உங்கள் குரலுக்கான சுருதிக் கட்டை எது என்று கண்டுபிடியுங்கள் (ஒரு கட்டை என்றால் சி, ஐந்து கட்டை என்றால் ஜி). பாடியதை ஏபிள்டன் மாதிரி மென்பொருள்களால் மிடியாக மாற்ற முடியும். அதற்கு 'தா தா' என்று ஒவ்வொரு சுரத்தையும் தெளிவாகத் தொடங்கிப் பாடுங்கள். கமகத்தோடு பாடினால் அது துண்டு துண்டாகச் சிதறும். கமகம் வேண்டிய இடத்தில் குரலைக் குரலாகவே வையுங்கள்.

பேடுக்கு வந்தால், 4×4 என்ற 16 பேட் அமைப்பு 1988இல் வந்த அகாய் எம்பிசி 60க்குப் பிறகு பரவியது. வாயால் ஜதி சொல்லும் கொன்னக்கோல் தெரிந்தவருக்கு இதில் பெரிய அனுகூலம். திஸ்ர நடைக்கு (அட்சரத்துக்கு மூன்று) டிரிப்லெட் கிரிட் பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. கண்ட நடைக்கு (அட்சரத்துக்கு ஐந்து) பலவற்றில் கிடையாது. அப்போது டெம்போவை 5/4 மடங்காக்குங்கள். அட்சரம் நிமிடத்துக்கு 80 என்றால் மென்பொருளில் 100 வைத்து, பதினாறாம் பங்குக் கட்டங்கள் ஐந்தை ஓர் அட்சரமாக எண்ணுங்கள். ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனம் 40 கட்டத்தில் அடங்கும். ஒரு தட்டுக்கு இரண்டு ஒலி வந்தால் பேடின் திரெஷோல்டை (ஒலி எழத் தேவையான குறைந்தபட்ச அழுத்தம்) கூட்டுங்கள்.

கிட்டாரை மிடிக்காகவே வாங்காதீர்கள். தடித்த இ தந்தி 82 ஹெர்ட்ஸ், ஓர் அதிர்வுக்கே 12 மில்லிசெகண்ட். சுருதியை அறிய இரண்டு அதிர்வாவது வேண்டும் என்பதால் தாமதம் தவிர்க்க முடியாதது. கிட்டாராகவே பதிய விரும்பினால் அருமை. ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும் இன்டர்ஃபேஸில் இன்ஸ்ட்ருமென்ட் பொத்தானை அழுத்த மறந்தால் மட்டும் ஒலி மங்கிப்போகும்.

எதைத் தேர்ந்தாலும் வாசிக்கும்போது பஃபரை (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து வைக்கும் ஒலி சாம்பிள்களின் எண்ணிக்கை) 128க்கு இறக்குங்கள். 44,100 சாம்பிள் வேகத்தில் அது சுமார் 3 மில்லிசெகண்ட். 1024இல் 23 ஆகிவிடும். விண்டோஸில் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ (ASIO) டிரைவர் அவசியம். வெடிப்புச் சத்தம் வந்தால் 256க்கு ஏற்றுங்கள். மாதக் கடைசியில் குவாண்டைஸ் (சுரங்களைக் கட்டக் கோட்டுக்குத் தானாக இழுத்துச் சேர்க்கும் வசதி) போடாமல் எட்டு பார் வாசித்துப் பதிந்து, திரையைப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாச் சுரமும் கோட்டுக்கு ஒரே அளவு பின்னால் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் கையை அல்ல, கணினியின் தாமதத்தை. முன்னும் பின்னுமாகச் சிதறியிருந்தால் மெட்ரோனோமை 50க்கு இறக்கி அடுத்த மாதத்தையும் அதே நாலு கார்டுக்குக் கொடுங்கள்.