நாள் முழுதும் கணினி முன் உட்காருபவர்கள் உடம்பைக் காப்பது எப்படி

கணினி வேலையால் கழுத்தும் இடுப்பும் வலிக்கத் தொடங்கியதும் பெரும்பாலோர் முதலில் தேடுவது நல்ல நாற்காலி. நாற்காலி உதவும். ஆனால் வலிக்கு முக்கியக் காரணம் அசையாமல் இருப்பதுதான். லேசாகச் சுருங்கிய தசை மணிக்கணக்கில் தளராமல் அப்படியே இருந்தால் அதற்குள் ரத்த ஓட்டம் குறைந்து, களைத்து, இறுகிவிடுகிறது. தோளைச் சற்றே தூக்கியபடி தட்டச்சு செய்பவருக்கு மாலையில் பிடரி கனப்பது இதனால்தான். எனவே செய்ய வேண்டியவை இரண்டு. உடம்பைத் தாங்கும் சுமையைத் தசையிடமிருந்து வாங்கி நாற்காலியிடமும் மேசையிடமும் கொடுக்க வேண்டும். பிறகு அந்த நாற்காலியை விட்டு அடிக்கடி எழ வேண்டும். பலன் அதிகம் தருவது இரண்டாவது, தொடங்க எளிதானது முதலாவது.

நாற்காலி முதலில், திரை கடைசியில்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். திரையைச் சரிசெய்துவிட்டு அப்புறம் நாற்காலியை உயர்த்தினால் திரை மறுபடி தாழ்ந்துபோகும்.

பாதம் முழுதும் தரையில் படியும் உயரத்தில் இருக்கையை வையுங்கள். இடுப்பு முழங்காலுக்குச் சமமாகவோ சற்று மேலேயோ இருக்கட்டும். முதுகைச் சாய்மானத்தில் ஒட்டி உட்கார்ந்தபின், இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல்கள் நுழைய வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் விளிம்பு அழுத்திக் கால் மரத்துப்போகும். அதைத் தவிர்க்க நீங்கள் தானாகவே முன்னால் நகர்ந்து உட்காருவீர்கள், சாய்மானம் இருந்தும் பயனில்லாமல் போகும். இருக்கை நீளம் என்றால் முதுகுக்குப் பின்னால் தலையணை வையுங்கள். சாய்மானம் 100 முதல் 110 டிகிரி வரை பின்னால் சாய்ந்திருப்பது நல்லது. விறைப்பாக 90 டிகிரியில் உட்கார்ந்தால் முதுகுத்தசை சீக்கிரம் களைத்து, நீங்கள் தானாகவே கூனி உட்காருவீர்கள். கீழ்முதுகின் உள்வளைவில், பெல்ட் போடும் இடத்துக்குச் சற்று மேலே, சுருட்டிய துண்டு ஒன்று போதுமான தாங்கல்.

அடுத்தது கைகள். தோளைத் தளரவிட்டு, முழங்கையை விலாவை ஒட்டி மடக்குங்கள். கை எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுதான் கீபோர்ட் இருக்க வேண்டிய உயரம். மேசை அதைவிட உயரமாக இருந்தால் நாற்காலியை ஏற்றி, கால் தொங்காதபடி அடியில் ஒரு பலகை போடுங்கள். கீபோர்டின் பின்பக்கம் இருக்கும் சிறு கால்களை மடக்கிவிடுங்கள். அவை கீபோர்டைச் சரித்து, மணிக்கட்டை மேல்நோக்கி வளைக்கின்றன. வளைந்த மணிக்கட்டுக்குள் நரம்பு செல்லும் குறுகிய பாதையில் அழுத்தம் கூடும்.

மவுஸ் கீபோர்டை ஒட்டி, அதே மட்டத்தில் இருக்க வேண்டும். வலத்தோள் மட்டும் வலிக்கிறது என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. எண் விசைகளோடு வரும் அகலமான கீபோர்ட் மவுஸை வெளியே தள்ளிவிடுகிறது, கை நாள் முழுதும் பக்கவாட்டில் நீண்டே நிற்கிறது. எண் விசைகள் இல்லாத சிறிய கீபோர்டுக்கு மாறினாலே பலருக்கு இந்த வலி குறையும். மணிக்கட்டு மெத்தை தட்டச்சுக்கு இடையில் உள்ளங்கையின் அடிப்பகுதியைச் சாய்த்து ஓய்வெடுக்கத்தான். தட்டும்போது அதன்மேல் மணிக்கட்டை அழுத்தி வைத்தால் கெடுதல்தான் மிச்சம்.

கடைசியாகத் திரை. கையை நீட்டினால் விரல்நுனி தொடும் தூரம், அதாவது 50 முதல் 70 செ.மீ. மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்கட்டும். கீழ்ப்பாதியில் படிக்கும் பவர் உள்ள கண்ணாடி அணிபவர்கள் திரையை இன்னும் தாழ்த்த வேண்டும். இல்லாவிட்டால் எழுத்தைப் பார்க்க மோவாயைத் தூக்கித் தூக்கியே கழுத்து நோகும். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் தலையை முன்னால் கொண்டுபோகாமல் எழுத்தைப் பெரிதாக்குங்கள். தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. 15 டிகிரி குனிந்தால் கழுத்துக்கு ஏறும் சுமை 12 கிலோ அளவுக்கும், 60 டிகிரியில் 27 கிலோ அளவுக்கும் போகும் என்று 2014-இல் வெளியான ஒரு கணக்கீடு சொல்கிறது. அது மாதிரிக் கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் குனியக் குனியச் சுமை கூடும் என்பதில் ஐயமில்லை.

லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் காற்றுத் துளைகளை மறைக்காமல் அதைப் புத்தக அடுக்கின்மேல் உயர்த்தி, தனி கீபோர்டும் மவுஸும் இணையுங்கள்.

கண்

திரையை உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைகிறது, பல சிமிட்டல்கள் முழுதாக மூடாமலே முடிந்துவிடுகின்றன. எரிச்சலும் மங்கலும் பெரும்பாலும் வருவது இதனால் கண் வறண்டுபோவதால்தான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 6 மீட்டருக்கு அப்பால் எதையாவது 20 விநாடி பாருங்கள். அப்போதே பத்து முறை இமையை முழுதாக மூடித் திறங்கள். ஏசி, மின்விசிறிக் காற்று நேரே முகத்தில் அடிக்கக் கூடாது. ஜன்னல், கணினித் திரைக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, அதனால் குறுகிய காலத்தில் கண்களைப்பு குறைவதாகக் காணவில்லை.

எழுந்திருப்பது

உட்கார்ந்திருக்கும்போது உடம்பிலேயே பெரிய தசைகளான தொடையும் பிட்டமும் ஓய்ந்து கிடக்கின்றன. அவை இயங்கினால் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். கெண்டைக்கால் சுருங்கினால் காலில் தேங்கும் ரத்தம் மேலேறும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்து 2023-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், அரை மணிக்கு ஒருமுறை 5 நிமிட மெதுநடை, சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் குறைத்தது. அவ்வளவு முடியாதவர்கள் இரண்டு நிமிடமாவது நடக்கலாம். அலாரத்தை நாலு நாளில் அணைத்துவிடுவோம். அதைவிட வேலையோடு முடிச்சுப் போடுவது நிலைக்கும்: போன் பேசினால் நின்று பேசுவது, ஒரு மின்னஞ்சல் முடிந்தால் எழுவது, பெரிய பாட்டிலுக்குப் பதில் சிறிய தம்ளரில் தண்ணீர் வைப்பது.

நின்று வேலை செய்யும் மேசையை உடற்பயிற்சியாக எண்ண வேண்டாம். உட்காருவதைவிட நிற்பதில் கூடுதலாகச் செலவாவது மணிக்கு 10 கலோரிக்கும் குறைவு. மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் காலும் வீங்கும். அதன் பயன் நிலையை மாற்றிக்கொள்ள முடிவதில்தான் இருக்கிறது.

தினம் பத்து நிமிடம்

உட்கார்ந்தே இருந்தால் மார்பும் இடுப்பின் முன்பக்கமும் இறுகும், மேல்முதுகும் பிட்டமும் பலமிழக்கும். இவற்றைத் திருப்பும் பயிற்சிகள் போதும்.

மோவாய் இழுப்பு: நேரே பார்த்தபடி தலையைக் குனியாமல் பின்னோக்கி நகர்த்தி 5 விநாடி நிறுத்துங்கள், 10 முறை. பார்வை கீழே போனால் தவறாகச் செய்கிறீர்கள்.

கதவு நிலை: இரு முன்கைகளையும் நிலையில் ஊன்றி ஓரடி முன்வைத்து 30 விநாடி மார்பை விரியுங்கள்.

இடுப்பு நீட்டல்: ஒரு முழங்காலை ஊன்றி, மறுகாலை முன்வைத்து, இடுப்பை முன்னே தள்ளி 30 விநாடி. பலர் கீழ்முதுகை வளைத்துவிடுகிறார்கள். அப்போது நீட்டல் தொடையில் தெரியாது, முதுகுதான் வலிக்கும். ஊன்றிய காலின் பக்கத்துப் பிட்டத்தை இறுக்கிக்கொண்டால் இது சரியாகும்.

இடுப்புத் தூக்கல்: மல்லாந்து, முழங்கால் மடக்கி, குதிகாலை அழுத்தி இடுப்பைத் தூக்குங்கள். 12 முறை, இரண்டு சுற்று.

இவை பிடிப்பைத் தளர்த்தும். இதயத்துக்கு இது போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கமும், இரண்டு நாளாவது தசைப்பயிற்சியும் கேட்கிறது. எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருபவர்கள் மேல்எல்லையையே குறிவைக்க வேண்டும். பத்து லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் தரவை அலசி லான்செட் மருத்துவ இதழ் 2016-இல் வெளியிட்ட கட்டுரையில், தினம் 60 முதல் 75 நிமிட இயக்கம் இருந்தவர்களிடம்தான் நெடுநேரம் உட்காருவதோடு சேர்ந்துவரும் கூடுதல் மரண அபாயம் காணப்படவில்லை.

மருத்துவரிடம் போக வேண்டியவை

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்து, இரவில் உதறி எழும்படி இருந்தால் அது மணிக்கட்டுக்குள் நரம்பு அழுந்தும் கார்ப்பல் டனல் தொல்லையாக இருக்கலாம். சுண்டுவிரல் மரத்தால் மேசையில் முழங்கையை ஊன்றும் பழக்கத்தைப் பாருங்கள், அங்கே ஓடும் நரம்பு வேறு. பொருள் கைநழுவி விழத் தொடங்கினால் தள்ளிப்போடாதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே காட்டுங்கள், ரத்தக்கட்டியாக இருக்கலாம். கால் வீக்கத்தோடு மூச்சுத்திணறல் வந்தாலோ, கால் வீங்காவிட்டாலும் முதுகுவலியோடு தொடையிடுக்கில் உணர்விழப்போ சிறுநீரை அடக்க முடியாமையோ வந்தாலோ நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.