பல்லாங்குழியில் ஒரு தப்பித்தல்: வெப்பமும் உராய்வும் துகளை வெளியேற்றும் விதம்

பினாங்கில் மழை விட்ட மாலையில் துணிகளை அஞ்சடியில் (கடைவீட்டு முன் நடைபாதையில்) காயப்போடுகிறோம். மறுநாள் அவை காய்ந்திருக்கின்றன. காற்றின் வெப்பம் 30 டிகிரி அளவில்தான் இருந்திருக்கும். தண்ணீர் கொதிப்பதோ 100 டிகிரியில். பிறகு ஈரம் எப்படிப் போயிற்று?

நீரில் ஒவ்வொரு மூலக்கூறையும் அக்கம்பக்கத்து மூலக்கூறுகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. அது ஓர் ஆற்றல் குழிக்குள் கிடக்கிறது. வெப்பநிலையை ஆற்றலாக மாற்றித் தரும் ஒரு நிலையான எண் போல்ட்ஸ்மன் மாறிலி. அதைக் கெல்வின் அளவிலான வெப்பநிலையால் பெருக்கினால், அந்தச் சூட்டில் ஒரு துகளின் கையில் வழக்கமாகப் புழங்கும் ஆற்றலின் அளவு கிடைக்கும். மூலக்கூறு குழியை விட்டு வெளியே வர, ஏறத்தாழ அதன் 17 மடங்கு வேண்டும். இதை யாரும் மொத்தமாகக் கொடுப்பதில்லை. மோதல்கள் சில்லறை சில்லறையாகக் கொடுக்கின்றன, அதே வேகத்தில் பிடுங்கியும் கொள்கின்றன. எப்போதோ ஒரு மூலக்கூறுக்கு முழுத் தொகையும் சேர்ந்துவிடுகிறது.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு பல்லாங்குழிப் பலகை, ஒரு புளியங்கொட்டை, ஒரு பகடை, ஒரு 20 சென் காசு போதும். பல்லாங்குழி இல்லாத வீட்டில், அதைப் போன்ற மலாய் ஆட்டமான சொங்காக்கின் பலகை இருந்தாலும் சரி.

படி 1. ஒரு வரிசையில் முதல் நான்கு குழிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் குழிகள் இடத்தைக் குறிக்கவில்லை, ஆற்றலின் படிகளைக் குறிக்கின்றன. புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். முதல் குழி ஆற்றல் குழியின் அடிமட்டம்; நான்காவது, ஏறிக் கடக்க வேண்டிய மேட்டின் உச்சி. கொட்டையை முதல் குழியில் போடுங்கள்.

படி 2. பகடையை உருட்டுங்கள். 1 அல்லது 2 விழுந்தால் கொட்டை ஒரு படி ஏறும். வேறு எது விழுந்தாலும் ஒரு படி இறங்கும். அடிமட்டத்தில் இருந்தால் அங்கேயே கிடக்கும். நான்காவது குழியை எட்ட எத்தனை வீச்சு ஆயிற்று என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒருமுறை ஐந்தே வீச்சில் முடித்தேன்; அடுத்த முறை எழுபதைத் தாண்டியது. இந்த ஏற்ற இறக்கம் பிழையல்ல, தப்பித்தலின் இயல்பே அதுதான். இருபது முப்பது முறை ஆடிச் சராசரி எடுத்தால் 33க்குப் பக்கத்தில் வரும்.

படி 3. இப்போது குளிர வையுங்கள். சூடு குறைந்தால் மேலே ஏற்றும் மோதல்கள் அரிதாகும். 1 விழுந்தால் மட்டுமே ஏற்றம் என்று விதியை மாற்றுங்கள். சராசரி 228 வீச்சாகிவிடும், பொறுமை வேண்டும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வாய்ப்பு விகிதத்தை வைத்துக் கணக்கிட்டால், முதல் ஆட்டத்தின் வெப்பநிலை இதைப்போல் சுமார் 2.3 மடங்குதான்; தப்பிக்கும் வேகமோ ஏழு மடங்கு. வரிசையின் ஏழு குழிகளையும் பயன்படுத்தினால் சராசரி முதல் விதியில் 360, குளிர்ந்த விதியில் 29,286 என்று ஆகும். அதாவது 81 மடங்கு. மேடு உயர உயர, வெப்பத்தின் சிறு மாற்றத்துக்குக்கூட இவ்வளவு வீரியம். வேதிவினைகளின் வேகத்தில் இந்த விதி ஆள்வதை 1889இல் சுவீடன் வேதியியலாளர் சுவாந்தே அரீனியஸ் எடுத்துக்காட்டினார்.

படி 4. உராய்வு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. முதல்முறை ஆடியபோது பக்கத்தில் இருந்த அண்ணன் மகள் கேட்டாள்: “சித்தப்பா, உராய்வு என்றால் தடைதானே? அது எப்படித் தப்பிக்க உதவும்?” மிகச் சரியான கேள்வி.

ஒரு துகளைச் சுற்றியுள்ள மூலக்கூறுகள் அதன்மேல் மோதி வேகத்தைக் குறைக்கின்றன. அதற்கு உராய்வு என்று பெயர் வைத்திருக்கிறோம். அதே மோதல்கள்தான் அதை உதைத்து ஆற்றலும் தருகின்றன. அதை வெப்பம் என்கிறோம். கொடுக்கும் கையும் பிடுங்கும் கையும் ஒன்றே. உராய்வே இல்லாத துகளுக்குச் சூடு ஏற வழியில்லை. குழிக்குள் அது முன்னும் பின்னுமாக ஊசலாடிக்கொண்டே இருக்கும், ஒரு படியும் ஏறாது.

பலகையில் இதைக் காண, படி 2இன் விதிக்கே திரும்புங்கள். ஒவ்வொரு முறையும் முதலில் காசைச் சுண்டுங்கள். எண் உள்ள பக்கம் விழுந்தால் மட்டும் பகடையை உருட்டுங்கள். மறுபக்கம் விழுந்தால் அந்த முறை கொட்டை அசையாது. மோதல் பாதியாயிற்று, அதாவது உராய்வு பாதி. சராசரி 33 இரட்டித்து 66 ஆகிறது. உராய்வு குறைந்ததால் தப்பித்தல் தாமதமாயிற்று.

படி 5. அப்படியானால் உராய்வைக் கூட்டிக்கொண்டே போகலாமா? கூடாது. கட்டம் போட்ட தாளில் ஒரு கோடு வரைந்து, அதை மேட்டின் உச்சியாக நினையுங்கள். இங்கே கட்டங்கள் இடத்தையே குறிக்கின்றன. நடுவில் கொட்டையை வைத்துக் காசைச் சுண்டி முன்னும் பின்னும் நகர்த்துங்கள். இருபுறமும் இரண்டு கட்டம் என்றால், உச்சியை விட்டு விலகச் சராசரியாக 4 சுண்டல். உராய்வு இரட்டித்தால் மோதல்களுக்கு இடையே துகள் செல்லும் தூரம் பாதியாகும்; அதே உச்சி இருபுறமும் நான்கு நான்கு கட்டமாகிவிடும். இப்போது 16 சுண்டல். ஒவ்வொன்றுக்கும் பாதி நேரமே ஆகும் என்பதால் மொத்தத்தில் நேரம் இரண்டு மடங்கு. உச்சிவரை வந்த துகள், கடக்கும் முன்பே திரும்பத் திரும்பப் பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

உராய்வு மிகக் குறைந்தால் ஏறுவதே தாமதம், மிகக் கூடினால் கடப்பது தாமதம். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவில் தப்பிக்கும் வேகம் உச்சத்தைத் தொடுகிறது. நெதர்லாந்து இயற்பியலாளர் ஹென்ட்ரிக் கிராமர்ஸ் 1940இல் இந்த இரு எல்லைகளையும் கணக்கிட்டுக் காட்டினார். 2017இல் ஓர் ஆய்வுக் குழு லேசர் ஒளியால் ஒரு நுண்துகளை அந்தரத்தில் பிடித்துவைத்து, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழிகளை அமைத்தது. சுற்றியிருந்த வாயுவின் அழுத்தத்தை மாற்றினால் உராய்வு மாறும். அழுத்தம் கூடக் கூடத் துகள் குழி தாவும் வேகம் முதலில் ஏறியது, உச்சத்தைத் தொட்டது, பிறகு இறங்கியது.