பரணில் மரநாய்: பிடிக்காமல் வெளியேற்றுவது எப்படி?

நடுராத்திரியில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே யாரோ நடக்கிற மாதிரி சத்தம். காலையில் மொட்டைமாடி மூலையில் கொட்டை கொட்டையாகக் கழிவு. அடையாறு, மயிலாப்பூர் மாதிரி மரம் நிறைந்த பகுதிகளில் இதைக் கேட்டால், வந்திருப்பது பெரும்பாலும் மரநாய்தான். பகலில் தூங்கி இரவில் பழம், எலி, பூச்சி தேடும் பிராணி. சீண்டாதவரை ஆளைக் கண்டால் ஓடத்தான் பார்க்கும்.

கூண்டு வைக்கலாமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி பொறிவைத்துப் பிடிப்பதும் வேட்டைதான். அப்படியே பிடித்து எங்கோ விட்டாலும், ஓட்டை திறந்திருக்கும்வரை அந்த இடத்துக்கு இன்னொன்று குடிவரும். அதனால் நம் வேலை ஓட்டையோடுதான்.

1. ஆளை உறுதிசெய்யுங்கள். சந்தேகப்படும் இடத்தில் கோலமாவை மெல்லிசாகத் தூவி வையுங்கள். பூனையின் தடத்தில் நான்கு விரல் தெரியும், மரநாய்க்கு ஐந்து. கழிவில் சப்போட்டா, பப்பாளி விதைகள் முழுசாகக் கிடக்கும். (காப்பிக்கொட்டையைத் தின்றுவிட்டுப் போட்டால் அதற்கு உலகச் சந்தையில் தனி விலை. நம் மாடியில் கிடப்பதற்கு ப்ளீச்சிங் பவுடர்தான்.) மாஸ்க், கையுறை போட்டு, ஈரமாக்கிய பிறகே அள்ளுங்கள்.

2. வழியைத் தேடுங்கள். ஓடு விலகிய இடம், ஏசி குழாய்க்காக உடைத்த சுவர், சன்ஷேடுக்கு மேலுள்ள சந்து. அடிக்கடி நுழையும் ஓட்டையின் விளிம்பில் கருப்பாக எண்ணெய்ப்பிசுக்குப் படிந்திருக்கும். இருட்டும் நேரத்தில் தள்ளி நின்று பார்த்தால் அதுவே வெளியே வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

3. குட்டி இருக்கிறதா? இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. பகலில் கீச்கீச்சென்று சத்தம் கேட்டால் உள்ளே குட்டிகள் இருக்கலாம். அப்போது அடைத்தால் அவை பட்டினியில் சாகும். தாய் உள்ளே போக வழிதேடிக் கூரையையே பிரிக்கும். அப்புறம் நாற்றம் வேறு. குட்டிகள் தாயோடு இரவில் வெளியே போகத் தொடங்கும்வரை சில வாரங்கள் பொறுங்கள்.

4. குட்டி இல்லையென்றால் பரணில் சில நாட்கள் விளக்கெரிய விடுங்கள், ரேடியோவும் பாடட்டும். வெளிச்சமும் சத்தமும் அதற்குப் பிடிக்காது. நாப்தலீன் உருண்டை வேண்டாம், அந்த நெடி உங்களுக்குத்தான் தலைவலி தரும்.

5. அடைப்பது. மற்ற ஓட்டைகளை முதலில் மூடிவிட்டு, முக்கிய வழியில் மட்டும் செய்தித்தாளைக் கசக்கிச் செருகுங்கள். இரண்டு மூன்று இரவுகள் தாள் அசையாமல் இருந்தால் உள்ளே யாருமில்லை என்று கொள்ளலாம். தாள் வெளியே தள்ளப்பட்டிருந்தால், மரநாய் வெளியே போன பிறகு திரும்பச் செருகிப் பாருங்கள். சரி என்று தெரிந்ததும் வெல்டுமெஷ் (பற்றவைத்த இரும்புக் கம்பிவலை) வைத்து ஸ்க்ரூ போட்டு முடுக்குங்கள். தெர்மாகோல், கொசுவலையெல்லாம் ஒரே இரவில் கிழிந்துவிடும்.

6. கூரையைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள். தென்னையில் எலிக்குச் சுற்றுகிற தகரம் இதற்கும் உதவும். பழுத்த பழத்தையும் பூனைக்கு வைக்கும் சோற்றையும் இரவில் வெளியே விடாதீர்கள்.

குட்டி கீழே விழுந்து கிடந்தால் பால் ஊற்றாதீர்கள். அட்டைப்பெட்டியில் துணி விரித்து, மேலே திறந்தபடி, அதே இடத்தில் நாய் எட்டாத உயரத்தில் வையுங்கள். இரவில் தாய் வந்து தூக்கிப்போக வாய்ப்புண்டு. விடிந்தும் அங்கேயே இருந்தால், அல்லது காயம் பட்டிருந்தால், வனத்துறைக்குப் போன் செய்யுங்கள்.