கலைப் புத்தகம் வாங்கும் முன் இங்கே ஒரு முறை தேடுங்கள்

விலை கூடிய ஓவிய, வடிவமைப்புப் புத்தகத்துக்கு ஆர்டர் போடும் முன், அதன் பெயரை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் 'மெட்பப்ளிகேஷன்ஸ்', லாஸ் ஏஞ்சல்ஸ் கெட்டி அருங்காட்சியகத்தின் 'விர்ச்சுவல் லைப்ரரி' ஆகிய இணையதளப் பகுதிகள் இரண்டிலும் தேடிப் பாருங்கள். முழுப் புத்தகமே பிடிஎஃப் ஆக இலவசமாகக் கிடைத்துவிடலாம்.

அங்கே கிடைக்கும் நூல்களைப் பதிப்பித்தவர்களே அந்த அருங்காட்சியகங்கள்தான் என்பதால், அச்சு நின்றுபோன தங்கள் பழைய நூல்கள் பலவற்றை ஸ்கேன் செய்து பொதுவில் வைத்திருக்கிறார்கள். ஸ்கேனில் படம் மங்கலாக இருந்தால் கவலை வேண்டாம். மெட் அருங்காட்சியகம் 2017 முதல் தன் சேகரிப்பில் காப்புரிமை இல்லாத படைப்புகளின் படங்களைத் தனியாகப் பெரிய அளவில் தருகிறது. டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த, தண்ணீர்க் கூஜா பிடித்த பெண்ணின் ஓவியத்தை இறக்கிப் பெரிதாக்குங்கள்: கூஜாவுக்கு அடியிலுள்ள தட்டில் மேசை விரிப்பின் வண்ணங்கள் பிரதிபலிப்பதுகூடத் தெரியும். அச்சுப் புத்தகத்தில் அது சிரமம்.

இன்னும் விற்பனையில் இருக்கும் புது நூல்களுக்குப் பெரும்பாலும் இந்த வழி உதவாது. அப்புறம், புகைப்படப் புத்தகங்களுக்கும் வேண்டாம். தாளும் மையும் சேர்ந்ததுதான் அவற்றின் அழகு, அவற்றைக் காசு கொடுத்தே வாங்குங்கள்.