‘உண்மையாக இருப்பது’ என்றால் என்ன? தம்பதிகள் பேசாமல் விட்டுச் செய்யும் தவறுகள்

கல்யாணம் பேசும்போது நகை எத்தனை பவுன், மண்டபச் செலவு யார் பொறுப்பு, சமையலுக்கு யாரைக் கூப்பிடுவது என்றெல்லாம் மணிக்கணக்கில் பேசுகிறோம். ‘உனக்கு எது துரோகம், எனக்கு எது துரோகம்’ என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. ‘ஒருவனுக்கு ஒருத்தி, இதில் பேச என்ன இருக்கிறது’ என்று விட்டுவிடுகிறோம். இரண்டு பேரும் அந்த வாக்கியத்தை நம்புகிறவர்கள்தான், ஆனால் ஆளுக்கொரு அர்த்தம் வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு உடலளவில் தவறாமல் இருந்தால் போதும். இன்னொருவருக்கோ, வீட்டில் சொல்லாத மனக்கவலையை வெளியே ஒருவரிடம் சொல்வதே துரோகம். கல்லூரிக் காலத்தில் காதலித்தவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பலாமா? ஒரு வீட்டில் அது சாதாரணம், பக்கத்து வீட்டில் அது பெரிய சண்டை.

துணைக்கும் தன்னைப் போலவே அர்த்தம் இருக்கும் என்று நினைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. இதை நானும் செய்திருக்கிறேன்.

கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மழை நாள், பஸ் வரவில்லை. கூட வேலை பார்த்தவர் பைக்கில் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டார். சொல்ல ஒன்றுமில்லை என்று நினைத்து நான் வீட்டில் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து மூன்று நாள் கணவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ‘என்னைச் சந்தேகப்படுகிறீர்களா’ என்று நான் கத்தினேன். ‘உனக்கு என் மேல் மரியாதையே இல்லை’ என்று அவர் கத்தினார். நாலாவது நாள்தான் விஷயம் வெளியே வந்தது. நான் பைக்கில் வந்ததில் அவருக்கு வருத்தமே இல்லை. அதை டீக்கடையில் இன்னொருவர் வாயால் கேட்க நேர்ந்ததுதான் வலித்திருக்கிறது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஊர் சொல்வதற்கு முன்னால் வீட்டில் சொல்லிவிடுவது. அனுமதி கேட்பது வேறு, தகவல் சொல்வது வேறு. ‘போகட்டுமா’ என்று நான் அவரிடம் கேட்பதில்லை, ‘போனேன்’ என்று சொல்லாமல் இருப்பதுமில்லை. அவருக்கும் அதே விதிதான்.

பொறாமை தலைகாட்டும்போது பெரும்பாலும் நாம் தவறான கேள்வியைப் பிடித்துக்கொள்கிறோம். ‘நீ செய்தது சரியா தப்பா’ என்று தொடங்கினால் அது வழக்காக மாறிவிடும். ‘இதில் எது உங்களுக்கு வலித்தது’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் பல நேரம் நாம் எதிர்பார்க்காத இடத்தில் இருக்கும்.

பொறாமைப்படுவதே கேவலம் என்று மறைப்பதும் உதவாது. அடக்கி வைத்த பொறாமை சாம்பாரில் உப்பு, மாமியார் வீட்டுப் பயணம், பெட்ரோல் செலவு என்று வேறு பெயரில் சண்டையாக வரும். நம் மொழியில் இதற்கென்றே ஊடல், புலவி என்ற சொற்கள் இருக்கின்றன. திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்களும் இதைப் பற்றித்தான். புலவி உணவில் உப்பு போல அளவாக இருக்க வேண்டும், நீடிக்க விட்டால் உப்பு மிகுந்தது போலாகிவிடும் என்கிறது 1302ஆவது குறள். இருவரும் சமமாக நின்று, யாரும் யாருக்கும் பயப்படாமல் கோபித்துக்கொள்வதுதான் ஊடல். பயம் நுழைந்துவிட்டால் அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

இதைவிட ஆபத்தான தவறு ஒன்று உண்டு. ‘அவருக்கு என் மேல் அவ்வளவு பாசம், அதனால்தான் யாரோடும் பேச விடமாட்டார்’ என்று பெருமையாகச் சொல்வது. தேசியக் குடும்ப நல ஆய்வில் மணமான பெண்களிடம் கணவரைப் பற்றி ஆறு கேள்விகள் கேட்கிறார்கள். வேறு ஆண்களிடம் பேசினால் பொறாமையோ கோபமோ படுகிறாரா, நடத்தை சரியில்லை என்று அடிக்கடி குற்றம் சாட்டுகிறாரா, தோழிகளைப் பார்க்க விடாமல் தடுக்கிறாரா, பிறந்த வீட்டோடு தொடர்பைக் குறைக்கப் பார்க்கிறாரா, எந்நேரமும் எங்கே இருக்கிறாய் என்று கேட்டு வற்புறுத்துகிறாரா, பணத்தை நம்பிக் கொடுக்க மறுக்கிறாரா. அந்த ஆய்வு இவற்றைக் கணவர் செலுத்தும் கட்டுப்பாட்டின் அடையாளங்களாகக் கணக்கெடுக்கிறது, அதுவும் குடும்ப வன்முறை பற்றிய பகுதியில். கல்யாணமான தங்கைகளிடம் இந்த ஆறையும் நான் அப்படியே சொல்வதுண்டு. ஆண்களும் தங்கள் மனைவியைப் பற்றி இதே கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

சில சந்தேகங்கள் நோய். எந்த ஆதாரமும் இல்லாமல் துணை தவறு செய்கிறார் என்று உறுதியாக நம்புவது, துணியை மோந்து பார்ப்பது, பின்தொடர்வது, எத்தனை முறை விளக்கினாலும் நம்பாதது. நீண்ட நாள் குடிப்பழக்கம் உள்ளவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். இந்த நிலையில் சத்தியம் செய்வதும், சாமி முன் கற்பூரம் அடிப்பதும், குழந்தை தலையில் கை வைப்பதும் பலன் தராது. ஒரு சத்தியம் அடுத்த சத்தியத்தைக் கேட்கும். மனநல மருத்துவரிடம் போக வேண்டும். மனநல உதவிக்கு அரசின் டெலி மானஸ் எண் 14416. அடி, மிரட்டல் என்று போனால் பெண்கள் 181ஐ அழைக்கலாம். ‘பொறுத்துப் போ’ என்று சொல்லும் உறவினர் பேச்சைக் கேட்டு நாள் கடத்தாதீர்கள்.

‘ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான் இருப்பான்’ என்ற பேச்சுக்கு வருவோம். ஒருவனுக்கு ஒருத்தி என்பது ஆதிகாலத்திலிருந்து எல்லாருக்கும் பொதுவாக இருந்த விதி என்று நினைக்கிறோம். சட்டப்படி பார்த்தால், இந்து ஆண் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை மணக்கத் தடை வந்தது சென்னை மாகாணத்தில் 1949இல், பிறகு 1955இன் இந்துத் திருமணச் சட்டத்தில். அதுவரை அந்த விதி நடைமுறையில் பெண்ணுக்கு மட்டும்தான். ‘சின்ன வீடு’ என்று சிரித்துக்கொண்டே சொல்லும் பழக்கம் அந்தக் காலத்து மிச்சம். தான் வெளியே பழகலாம், மனைவி சக ஊழியரிடம் பேசினால் மட்டும் வலிக்கும் என்றால், அந்த வலியைப் பற்றிப் பேசும் முன் அந்தக் கணக்கைப் பற்றிப் பேச வேண்டும்.

சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு வாதாடுகிறவர்களும் உண்டு. இன்னொருவர் மனைவியோடு உறவு கொண்ட ஆணுக்குச் சிறை விதித்த, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 497ஆவது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27இல் நீக்கியது. மனைவியைக் கணவனின் உடைமை போல நடத்திய பிரிவு அது. நீக்கியதால் மணத்துக்கு வெளியேயான உறவு ‘தப்பில்லை’ என்றாகிவிடவில்லை. சிறைத் தண்டனை போய்விட்டது, விவாகரத்துக் கேட்க அது இன்றும் ஒரு காரணம். முதல் திருமணம் சட்டப்படி இருக்கும்போதே இன்னொரு கல்யாணம் செய்தால், இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆவது பிரிவில் ஏழாண்டு வரை சிறை உண்டு.

சரி, சந்தேகம் வந்துவிட்டது. உடனே துணையின் போனை எடுத்து ஆதாரம் தேடலாமா? மனைவிக்குத் தெரியாமல் கணவர் எடுத்த போன் அழைப்பு விவரங்களை 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஏற்க மறுத்தது. ஆனால் தம்பதிகளுக்குள் ரகசியமாகப் பதிவு செய்த உரையாடலை விவாகரத்து வழக்கில் ஆதாரமாகக் கொள்ளலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீதிமன்றத்தில் செல்லுமா என்பது வக்கீல் பார்க்கும் விஷயம். சேர்ந்து வாழ நினைக்கிறவர்களுக்கு என் கேள்வி வேறு. ரகசியமாகப் பார்த்து ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் நிம்மதி வருமா, ‘அழித்துவிட்டார்’ என்று தோன்றுமா? நான் அறிந்தவரை இரண்டாவதுதான் நடக்கிறது. ஆதாரமின்றி நடத்தையைக் குறை சொல்லி நீதிமன்றத்தில் எழுதிக் கொடுப்பதே மனரீதியான கொடுமை என்று 2003இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதையும் நினைவில் வையுங்கள்.

நகரங்களில் சிலர், இருவரும் சம்மதித்தால் வேறு உறவுகளுக்கும் இடம் கொடுக்கலாம் என்கிறார்கள். எனக்கு அது ஒத்துவராது. ஆனால் அவர்களைத் திட்டுவதற்கும் எனக்கு உரிமையில்லை. விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்ற பயத்தில் தலையாட்டுவதைச் சம்மதம் என்று கணக்கில் எடுப்பதுதான் அங்கே நடக்கும் தவறு.

ஒருமுறை பேசி முடித்துவிட்டோம் என்று இருப்பதும் சரியாகாது. குழந்தை பிறந்த பிறகு, வேலை மாறிய பிறகு, ஒருவர் வெளிநாடு போன பிறகு எல்லைகள் மாறும். வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் வீடுகளில் இதை நிறையப் பார்க்கிறேன். ரியாத்தில் இரவு எட்டரைக்கு அவர் வேலை முடித்து அறைக்கு வரும்போது இங்கே மணி பதினொன்று. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியவள் தூங்கியிருப்பாள். எடுக்காத அழைப்பு மூன்று, அப்புறம் ‘யாரோடு பேசிக்கொண்டிருந்தாய்’ என்ற வாய்ஸ் மெசேஜ். வீடியோ காலில் அறையைச் சுற்றிக் காட்டச் சொல்கிறவர்கள்கூட உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி, தினசரி அழைப்பை அவருடைய காலை டூட்டிக்கு முன்னால், இங்கே எட்டரை மணிக்கு, பிள்ளைகள் கிளம்பிய பிறகு என்று மாற்றிக்கொண்டார்கள். இரவில் எடுக்காத அழைப்புகள் அந்த வீட்டில் இப்போது இல்லை.