ஆலயத் தோட்டத்தில் விளைந்தது யார் வீட்டு அடுப்புக்குப் போகிறது?

கிறிஸ்தவ ஆலய வளாகத்தில் சும்மா கிடக்கும் நிலத்தில் காய்கறி போட்டு, இல்லாதவர்களுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு சபை முடிவெடுத்துவிட்டால், அடுத்த வாரமே மண்வெட்டியும் விதைப் பொட்டலங்களும் வந்து இறங்கிவிடும். யாருக்குக் கொடுக்கப்போகிறோம், அவர்கள் என்ன சமைப்பார்கள், என்றைக்கு வந்து வாங்குவார்கள் என்ற கேள்விகள் மட்டும் முதல் அறுவடைக்குப் பிறகுதான் எழும். இத்தகைய தோட்டங்கள் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

நமக்குப் பிடித்ததை நடுவது முதல் தவறு. ஒரே அறையில், ஒற்றை அடுப்பில் சமைக்கிற குடும்பத்துக்கு எட்டுக் கிலோ பூசணிக்காயைக் கொடுத்தால் அது பாரம்தான். தனியாக வாழும் வயதானவரால் அதை வெட்டவே முடியாது. வாங்கப்போகிறவர்களில் நாலைந்து பேரை உட்காரவைத்து, “வாரத்தில் எந்தக் காயை அதிகம் வாங்குவீர்கள்? விலை ஏறினால் எதை நிறுத்திவிடுவீர்கள்?” என்று கேட்டால் போதும். அந்த இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலைத்தான் நட வேண்டும்.

அடுத்தது, நான் பெரிதாக நினைப்பது: பறிக்கிற நாளும் கொடுக்கிற நாளும் பொருந்தாமல் போவது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆட்கள் இருப்பார்கள். அதனால் உச்சிவெயிலில் பறிப்பார்கள். விநியோகமோ புதன்கிழமை. பையைத் திறந்தால் கீரை துவண்டு, அடியில் இருப்பது கொழகொழவென்று ஆகியிருக்கும். பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று கழுவி ஈரத்தோடு கட்டியிருந்தால் இன்னும் மோசம். கொடுப்பவர்களுக்கே கூசும், வாங்குபவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிப்போவார். கீரையை விநியோக நாளின் விடியற்காலையில் பறித்து, நிழலில் ஈரத்துணி போர்த்தி வைக்க வேண்டும். தக்காளியை நிறம் திரும்பும்போதே பறித்துவிடலாம். வெளியில் இருந்தே பழுக்கும். தோல் முற்றிய பூசணி மாதக்கணக்கில் தாங்கும். வெண்டை காத்திருக்காது. இரண்டு நாள் விட்டால் நார் பாய்ந்துவிடும். ஞாயிறு மட்டுமே ஆள் வரும் தோட்டத்தில் அதை நடாமல் இருப்பதே மேல்.

இதோடு சேர்ந்தது, எல்லா விதையையும் ஒரே நாளில் விதைத்துவிடுவது. கீரையும் முள்ளங்கியும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் தயாராகிவிடும். ஒரே சமயத்தில் மலைபோலக் குவியும், அடுத்த மூன்று வாரம் கூடை காலி. பத்து நாளைக்கு ஒரு பாத்தி என்று இடைவெளி விட்டு விதைத்தால் வரத்து சீராக இருக்கும்.

மண்ணைச் சோதிக்காமல் இறங்குவதும் உண்டு. பழைய ஆலயக் கட்டடத்தின் சுவரோரம் இடம் வசதியாகத் தெரியும். ஆனால் அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருந்திருக்கலாம். உரிந்து விழுந்த ஈயம் மண்ணில் பல பத்தாண்டுகள் தங்கும். கீரையிலும் கிழங்கிலும் அந்த மண் ஒட்டிக்கொண்டு வரும். சிறு பிள்ளைகளுக்குத்தான் அதிக ஆபத்து. சுவரை விட்டுத் தள்ளிப் பாத்தி போடுங்கள், ஆய்வகத்தில் ஒருமுறை மண்ணைக் கொடுத்துப் பாருங்கள். பாத்திக்கு வரப்பாகப் பழைய ரயில் கட்டைகளை வைப்பதும் வேண்டாம். மரம் உளுத்துப்போகாமல் இருக்க அவற்றில் ஊறவைத்த கிரியோசோட் என்ற தார் எண்ணெய் உணவுப் பயிர் பக்கம் வரக்கூடாது.

மட்காத சாணத்தைப் போட்டால், மண்ணைத் தொட்டு வளரும் காய்க்கு அறுவடைவரை 120 நாள், மண்ணைத் தொடாததற்கு 90 நாள் இடைவெளி வேண்டும் என்பது இயற்கை வேளாண்மையில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. நன்கு மட்கிய தொழு உரம் என்றால் இந்தத் தலைவலி இல்லை. மருந்து அடிப்பதிலும் ஒரு சிக்கல்: சனிக்கிழமை ஒரு குழு அடித்துவிட்டுப் போகும், திங்கட்கிழமை வேறொரு குழு விஷயம் தெரியாமல் பறிக்கும். வாயிலில் ஒரு சிலேட்டு தொங்கவிட்டு, எந்தப் பாத்தியில் என்ன அடித்தோம், எந்தத் தேதிவரை பறிக்கக்கூடாது என்று எழுதிவையுங்கள். காத்திருக்க வேண்டிய நாள் மருந்தின் லேபிளிலேயே இருக்கும்.

நிழலைப் பற்றி ஒரு வார்த்தை. காய்க்கும் செடிக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். கோபுரத்தின் நிழல் பருவத்துக்குப் பருவம் நகரும். காலை, நண்பகல், பிற்பகல் என்று மூன்று வேளையும் நின்று பார்த்துவிட்டு இடம் குறியுங்கள்.

தொடக்க நாளில் நாற்பது பேர் வருவார்கள், மூன்றாம் மாதம் நாலு பேர். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. நாலு பேரால் முடிகிற அளவுக்குத் தொடங்கினால் சரி. பாத்தி நான்கடிக்கு மேல் அகலம் வேண்டாம், இரு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும். “யாராவது தண்ணீர் ஊற்றுவார்கள்” என்பதை நம்பாமல், ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு பெயரை எழுதிவையுங்கள். வாங்க வருகிறவர்களிலும் தோட்ட வேலை தெரிந்தவர்கள் இருப்பார்கள். கேட்காமல் விடுவது நம் தவறு.

கடைசியாக, வேலி. “யாரோ ராத்திரியில் தக்காளியைப் பறித்துப் போகிறார்கள், பூட்டுப் போடுவோம்” என்ற பேச்சு ஒருநாள் வரும். வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் (அந்நியனுக்கும்) விட்டுவிடு என்று பைபிளில் லேவியராகமம் 19ஆம் அதிகாரம் சொல்கிறது. அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள் என்பதுதான் அங்கே ஏற்பாடு. எனக்குப் பூட்டில் உடன்பாடில்லை. பிஞ்சைப் பறிப்பதும் பாத்தியை மிதிப்பதும்தான் உண்மையான நஷ்டம். தெருவைப் பார்த்த ஒரு பாத்தியை வேலிக்கு வெளியே விட்டு, “தேவையானவர்கள் பறித்துக்கொள்ளலாம், சிவந்தது மட்டும்” என்று ஒரு பலகை வைக்கலாம்.